'டிஸ்க் ஃபுல்' ஆனால் ஆலையே நிற்கும்! சர்வர் நிரம்பும் முன்பே போனுக்கு அலர்ட் வர வைப்பது எப்படி?

2023 ஆகஸ்ட் 29. ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் 14 கார் ஆலைகளும் நின்று போயின. உலகிலேயே அதிக கார் விற்கும் நிறுவனம். அதன் மொத்த உற்பத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ஆலைகளில் இருந்துதான் வருகிறது. முந்தைய ஆண்டுதான் உதிரிபாகம் தரும் நிறுவனம் ஒன்றின் மீது சைபர் தாக்குதல் நடந்து, இதே ஆலைகள் ஒரு நாள் மூடப்பட்டிருந்தன. அதனால் எல்லோரும் முதலில் கேட்டது, "மறுபடியும் ஹேக் பண்ணிட்டாங்களா?" என்றுதான்.

ஹேக்கிங் இல்லை. சர்வரில் இடம் இல்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27-ம் தேதி வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்திருந்த பழைய தகவல்களை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் எரர் வந்தது. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சிஸ்டம் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த பேக்கப் சர்வரும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதிலும் அதே கோளாறு. தகவல்களை கூடுதல் கொள்ளளவு உள்ள வேறு சர்வருக்கு மாற்றிய பிறகே ஆலைகள் மறுபடி ஓடின. செப்டம்பர் 6-ம் தேதி டொயோட்டாவே இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அங்கே இடம் தீர்ந்தது ஏதோ புதிதாகச் சேர்க்கும்போது அல்ல, பழையதை நீக்கும்போது. டேட்டாபேஸில் ஒரு லட்சம் வரிகளை அழித்தால், 'எதை அழித்தேன்' என்ற குறிப்பையும் அது டிஸ்க்கிலேயே எழுதும். நடுவில் கரண்ட் போனால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தக் குறிப்பு வேண்டும். ஆக, வீட்டைக் காலி செய்யவும் வாசலில் சாமான் இறக்கி வைக்க கொஞ்சம் இடம் தேவை. முழுசாக நிரம்பிய பிறகு சுத்தம் செய்யலாம் என்ற நினைப்பு இங்கேதான் அடிபடுகிறது.

பெரம்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெரம்பூர் என்றதும் ரயில்தான் நினைவுக்கு வரும். 1955-ல் தொடங்கப்பட்ட ஐசிஎஃப், லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் எல்லாம் பெரிய அமைப்புகள். கணினிக்குத் தனித் துறையே இருக்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்கு அல்ல. பேப்பர் மில்ஸ் ரோட்டிலும் பேரக்ஸ் ரோட்டிலும் மூலக்கடை, வியாசர்பாடி பக்கமும் இருக்கும் ஸ்கேன் சென்டர், ஃபேப்ரிகேஷன் பட்டறை, பள்ளி அலுவலகம், ராயபுரம் பக்கம் துறைமுகத்தை நம்பி இருக்கும் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ் போன்றவர்களுக்கு. இங்கெல்லாம் சர்வர் என்பது பெரும்பாலும் சாமி படத்துக்குக் கீழே, ஸ்டெபிலைசர் பக்கத்தில் இருக்கும் ஒரு கருப்புப் பெட்டி. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்கள். மற்ற நாட்களில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தப் பெட்டி இப்போது முன்பைவிட வேகமாக நிரம்புகிறது. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் 'ஆடிட் டிரெயில்' ஆக பதிவாக வேண்டும். அதை அணைத்து வைக்கவும் முடியாது. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கஸ்டம்ஸ் புரோக்கர்கள் ஆவணங்களை குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி கணினிகளின் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இதில் சிறு, குறு நிறுவனங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது, விலக்கு தரப்படவில்லை.

ஆக, 'பழசை டெலிட் பண்ணிடு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. முன்கூட்டியே தெரிந்தால்தான் எதை நீக்குவது, எதை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது என்று யோசிக்க நேரம் இருக்கும்.

டிஸ்க் நிரம்பினால் என்ன ஆகும்?

நேரடியாக 'டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். புகார்கள் வேறு மாதிரி வரும். "பிரிண்ட் வரல", "பில் சேவ் ஆகல", "லாகின் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு". பிரிண்ட் எடுக்கும் ஒவ்வொரு பக்கமும் முதலில் சர்வரின் சி டிரைவில் தற்காலிக ஃபைலாக விழுந்து, அதன் பிறகே பிரிண்டருக்குப் போகிறது. சி டிரைவில் இடமில்லை என்றால் புது டோனர் மாற்றியும் பயனில்லை. சில டேட்டாபேஸ்கள் நின்று விடும். சில, இடம் கிடைக்கும் வரை அப்படியே காத்து நிற்கும். வெளியில் இருந்து பார்த்தால் 'ஹேங்' ஆனது போலத் தெரியும். கெட்டதிலும் கெட்டது, இரவு பேக்கப் சத்தமில்லாமல் தோற்பது. அது தெரிய வருவது பேக்கப் தேவைப்படும் நாளில்தான்.

அலர்ட் தரும் சாஃப்ட்வேர் எங்கிருந்து வருகிறது?

நெட்வொர்க்கில் உள்ள சர்வர், ஸ்விட்ச், ரூட்டர் எல்லாவற்றையும் ஓரிடத்தில் இருந்து கண்காணிக்கும் சாஃப்ட்வேரைத்தான் நெட்வொர்க் மானிட்டரிங் என்கிறார்கள். இதில் சென்னைக்குப் பெருமைப்பட ஒரு இடம் உண்டு. இன்று உலகம் அறிந்த ஜோஹோ, 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கியபோது செய்த முதல் தொழிலே நெட்வொர்க் மேலாண்மை சாஃப்ட்வேர்தான். மெயிலும் கணக்கும் எல்லாம் பின்னால் வந்தவை. 2002-ல் 'மேனேஜ்என்ஜின்' பிரிவு வந்தது. 2009-ல் நிறுவனத்தின் பெயர் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அந்தப் பிரிவின் 'ஆப்மேனேஜர்' இந்த வேலைக்கே ஆனது. சில கருவிகளுக்கு மட்டும் போதும் என்றால் இலவசப் பதிப்பும் உண்டு. லாட்வியாவில் இருந்து வரும் 'ஜாபிக்ஸ்' முழுக்க இலவசம். ஆனால் நிறுவ லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். பெயர் எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

அது என்ன வேலை? மானிட்டரிங் சர்வர், குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை மற்ற சர்வர்களிடம் "எவ்வளவு நிரம்பியிருக்கிறது?" என்று கேட்கும். கேட்கும் மொழி பெரும்பாலும் எஸ்என்எம்பி. யூடிபி 161 என்ற போர்ட் வழியாகப் போகும். விண்டோஸ் சர்வர் என்றால் டபிள்யூஎம்ஐ வழியாகவும், லினக்ஸ் என்றால் எஸ்எஸ்ஹெச் வழியாகவும் கேட்கலாம். வரும் பதிலை, நாம் வைத்த வரம்போடு ஒப்பிடும். தாண்டினால் அலர்ட்.

செட்டப் செய்யும்போது…

முதல் படி, சர்வரில் எஸ்என்எம்பி சேவையை இயக்கி, கேள்வி கேட்க அனுமதி உள்ள ஒரே ஐபி முகவரியாக மானிட்டரிங் சர்வரைக் குறிப்பிடுவது. 'பப்ளிக்' என்ற வழக்கமான கடவுச்சொல்லை அப்படியே விடக் கூடாது. முடிந்தால் மூன்றாவது பதிப்பு எஸ்என்எம்பி நல்லது. அதில்தான் தகவல் என்கிரிப்ட் ஆகிப் போகும்.

இரண்டாவது, சாஃப்ட்வேரில் அந்த சர்வரைச் சேர்த்து, டிஸ்க் மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பட்டியலில் மொத்த டிஸ்க் பயன்பாடு என்று ஒன்றும், ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக இன்னொன்றும் இருக்கும். மொத்தத்தை மட்டும் டிக் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. ஒரு கணக்கு பாருங்கள். சி டிரைவ் 100 ஜிபி, அதில் 97 நிரம்பியாயிற்று. டி டிரைவ் 900 ஜிபி, அதில் 180 மட்டும் பயன்பாட்டில். மொத்தமாகப் பார்த்தால் 1000-க்கு 277, அதாவது 28 சதவீதம்கூட இல்லை. ஸ்கிரீனில் பச்சை விளக்கு எரியும். மறுநாள் காலை விண்டோஸ் திணறும். ஆகவே டிரைவ் வாரியாக வைப்பதே சரி.

மூன்றாவது, வரம்பு. ஆப்மேனேஜரில் அட்டென்ஷன், டிரபிள், கிரிட்டிக்கல் என்று மூன்று கட்டங்கள். 80, 90, 95 என்று வைப்பது பழக்கம். ஆனால் அந்த எண்களுக்குத் தனியாக எந்த மகிமையும் இல்லை. எத்தனை நாள் அவகாசம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. 1000 ஜிபி டிரைவில் தினமும் 6 ஜிபி சேர்கிறது என்று வைத்துக் கொண்டால், 80 சதவீதத்தில் 33 நாள் மிச்சம். 90-ல் 16 நாள். 95-ல் 8 நாள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிஸ்க் ஒரே நாளில் கிடைக்கும்தான். ஆனால் கொட்டேஷன் வாங்கி, முதலாளி ஓகே சொல்லி, சர்வரை நிறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வேலை முடிய இரண்டு வாரமாவது ஆகும். பொங்கல் வந்தால் நான்கைந்து நாள் ஆபீஸே திறக்காது. அப்படியானால் இந்த டிரைவுக்கு 80-ல் வரும் முதல் அலர்ட்டே உருப்படியானது. 95-ல் வருவது வெறும் சங்கு.

பெரிய டிஸ்க்குகளில் சதவீதமே தப்பாக வழிகாட்டும். 8 டிபி டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 800 ஜிபி காலி. அதற்குப் போய் சிவப்பு விளக்கு எரிந்தால் நான்கு நாளில் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். 120 ஜிபி சி டிரைவில் அதே 90 சதவீதம் என்றால் மிச்சம் 12 ஜிபி. ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தால் மூச்சுத் திணறும். பெரிய டிஸ்க்குக்கு 'இத்தனை ஜிபி காலி' என்ற வரம்பும், சின்ன டிஸ்க்குக்கு சதவீதமும் வைப்பது நல்லது. ஜாபிக்ஸ் போன்றவற்றில், நிரம்பும் வேகத்தைப் பார்த்து 'இன்னும் எத்தனை நாளில் தீரும்' என்று கணித்துச் சொல்லும் வசதியும் உண்டு.

மொட்டை மாடி தொட்டியில் இருக்கும் பாடம்

வரம்புக்குப் பக்கத்திலேயே 'ரீஆர்ம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் இதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் தொட்டியின் ஆட்டோமேட்டிக் மோட்டாரை நினைத்தால் எளிதில் புரியும். தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்கும். ஒரு குவளை தண்ணீர் குறைந்ததும் மறுபடி ஓடினால் மோட்டார் எரிந்துவிடும். அதனால் பாதி இறங்கிய பிறகே ஓட வைக்கிறார்கள். அலர்ட்டும் அப்படித்தான். வரம்பு 90, ரீஆர்ம் 85 என்றால், 85-க்குக் கீழே போனால்தான் 'சரியாகிவிட்டது' என்று சாஃப்ட்வேர் எடுத்துக் கொள்ளும். இல்லாவிட்டால் 89.9-க்கும் 90.1-க்கும் நடுவே டிஸ்க் ஊசலாடும்போது ராத்திரி முழுக்க போன் அலறும்.

இதோடு 'தொடர்ந்து எத்தனை முறை தாண்டினால் அலர்ட்' என்ற எண்ணையும் 2 அல்லது 3 என வைக்கலாம். பேக்கப் ஓடும்போது தற்காலிக ஃபைல் பெருத்து, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவது சகஜம். ஆனால் கடைசி கட்டமான கிரிட்டிக்கலுக்கு இந்தப் பொறுமை வேண்டாம்.

அலர்ட் போய்ச் சேருகிறதா?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாஃப்ட்வேர் அனுப்பும், போனுக்கு வராது.

எஸ்எம்எஸ் என்றால், டிராய் 2018-ல் கொண்டு வந்த விதிகளின்படி அனுப்பும் நிறுவனமும், அனுப்பும் வாசகத்தின் மாதிரியும் டிஎல்டி தளத்தில் பதிவாகி இருக்க வேண்டும். அலர்ட் வாசகம் பதிவான மாதிரியோடு பொருந்தாவிட்டால் டெலிகாம் நிறுவனமே அதைத் தடுத்துவிடும். ஜிமெயில் வழியாக என்றால், 2022 மே 30 முதல் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி சாஃப்ட்வேர் மெயில் அனுப்ப முடியாது. இரண்டு கட்ட சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்ட்' தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். சின்ன ஆபீஸ்களுக்கு டெலிகிராம் பாட் அல்லது அந்த சாஃப்ட்வேரின் சொந்த மொபைல் ஆப் சிக்கல் குறைந்த வழி.

யாருக்குப் போக வேண்டும் என்பதும் முக்கியம். வேலையை விட்டுப் போன சிஸ்டம் ஆளின் மெயிலுக்கு மூன்று வருடமாக அலர்ட் போய்க் கொண்டிருக்கும் ஆபீஸ்கள் உண்டு. முதல் கட்டம் சர்வீஸ் பார்ப்பவருக்கு, கடைசிக் கட்டம் முதலாளிக்கும் சேர்த்து என்று பிரித்து வைத்தால் யாரும் சலித்துப் போக மாட்டார்கள்.

அலர்ட் கண்ணில் சிக்காத இடங்கள்

சிசிடிவி ரெக்கார்டர்: இது எப்போதும் 100 சதவீதம் நிரம்பித்தான் இருக்கும். பழைய வீடியோ மேல் புதியதை எழுதுவதுதான் அதன் வேலை. இதற்கு டிஸ்க் அலர்ட் வைத்தால் தினமும் பொய் அலாரம். பார்க்க வேண்டியது, கையில் இருக்கும் மிகப் பழைய ரெக்கார்டிங் எந்தத் தேதி என்பதை. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு சுமார் 21.6 ஜிபி. எட்டு கேமரா என்றால் 173 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 23 நாள் ஓடும். '30 நாள் ஃபுட்டேஜ் இருக்கும்' என்று நம்பிக் கொண்டிருப்பவர், திருட்டு நடந்து 25-வது நாளில் தேடினால் எதுவும் இருக்காது.

டேட்டாபேஸின் சொந்த வரம்பு: பல பில்லிங் சாஃப்ட்வேர்கள் மைக்ரோசாஃப்டின் இலவச எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் உச்சம். டிஸ்க்கில் 500 ஜிபி காலியாக இருந்தாலும் 10 ஜிபி தொட்டதும் பில் போடுவது நிற்கும். டேட்டாபேஸ் அளவுக்கே தனியாக 8 ஜிபியில் ஒரு அலர்ட் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஃபைல்களின் எண்ணிக்கை: லினக்ஸ் சர்வர்களில் ஜிபி மிச்சம் இருந்தும் 'இடமில்லை' என்று வரலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஐநோட்' என்ற ஒரு பதிவு எண் வேண்டும். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் அந்த எண்கள் தீர்ந்துவிடும். செவ்வாய் கிரகம் வரை போன கதையும் இதற்கு நெருக்கமானதுதான். 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய நாசாவின் 'ஸ்பிரிட்' ரோவர், சில வாரங்களில் திடீரென ஒழுங்காகப் பேசாமல் போனது. ஃபிளாஷ் மெமரியில் ஃபைல்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்ததால், ரோவர் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக் கொண்டிருந்தது. பூமியில் இருந்தே பழைய ஃபைல்களை நீக்கி அதை மீட்டார்கள்.

மானிட்டரிங் சர்வரே: அதுவும் ஒரு கணினிதான், அதிலும் டேட்டாபேஸ் பெருகும். அது நிரம்பி நின்றால் அலர்ட் வராது. அலர்ட் வராததை எல்லோரும் 'பிரச்சினை இல்லை' என்று நினைத்துக் கொள்வார்கள். தினமும் காலை 9 மணிக்கு 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு மெசேஜ் அனுப்ப வைத்தால், அது வராத நாளில் சந்தேகம் வரும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மானிட்டரிங் சாஃப்ட்வேரிடம் எல்லா சர்வரின் சாவியும் இருக்கிறது. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் அமெரிக்க அரசுத் துறைகளுக்குள் ஊடுருவியவர்கள் நுழைந்த வழி, இப்படிப்பட்ட ஒரு மானிட்டரிங் சாஃப்ட்வேரின் அப்டேட்தான். அதனால் அதற்குப் பார்க்க மட்டும் உரிமை உள்ள கணக்கு போதும். அதன் பக்கத்தை இன்டர்நெட்டில் திறந்து போடக் கூடாது.

அலர்ட் வந்துவிட்டது, இப்போது?

பதறி அழிக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. எந்த ஃபோல்டர் பெருத்தது என்று முதலில் பார்க்க வேண்டும். தற்காலிக ஃபைல்கள், ரீசைக்கிள் பின், பழைய இன்ஸ்டாலர்கள், ஒரே டிஸ்க்கில் குவிந்த பேக்கப் நகல்கள் ஆகியவை முதலில் போகலாம். டேட்டாபேஸ் ஃபைல்களிலும் அதன் லாக் ஃபைல்களிலும் கை வைக்கக் கூடாது. 'லாக்' என்ற பெயரைப் பார்த்து அழித்தால் டேட்டாபேஸே திறக்காமல் போகலாம். லினக்ஸில் இன்னொரு வேடிக்கை: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் லாக் ஃபைலை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் ஜிபி கணக்கில் வரும். அழித்தும் அதே எண் காட்டுகிறதே என்று குழம்புபவர்கள் இதை முதலில் பார்க்கலாம்.

செட்டப் முடிந்ததும் சோதித்துப் பார்க்க டிஸ்க்கை நிரப்ப வேண்டியதில்லை. டிரைவ் இப்போது 62 சதவீதத்தில் இருந்தால், முதல் கட்ட வரம்பை 60 என்றும் ரீஆர்மை 55 என்றும் இறக்கி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். அடுத்த முறை சாஃப்ட்வேர் கேள்வி கேட்கும்போது போனுக்கு மெசேஜ் வர வேண்டும். வராவிட்டால் மெயில் பாஸ்வேர்ட், டிஎல்டி, ஃபயர்வால் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் வரம்பைப் பழையபடி 80-க்கும் ரீஆர்மை 75-க்கும் ஏற்றி, 'சரியாகிவிட்டது' என்ற இரண்டாவது மெசேஜும் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கிரீனை மூடலாம்.